நாலாவது மாடிப் பூனை

பூனைக்காரம்மா ரகசியமாக ஒரு பூனை வளர்க்கிறாராம். நன்றாகப் பழக்கிய பூனையாம். பொழுது விடிவதற்குள் அதை வீடு வீடாக அவிழ்த்துவிடுவாராம். அது கட்டில், நாற்காலி, அலமாரி என்று நல்ல மரமாகப் பார்த்து நனைத்துவிட்டு வர, வெயில் ஏறியதும் இவர் பையைத் தூக்கிக்கொண்டு அந்த மூத்திர வாடையைக் கூலிக்குத் துடைக்கப் போவாராம். நாத்தனார் சொன்னதாகக் கீழ்வீட்டு அம்மா நாலு மாடி ஏறி வந்து, அப்பாவைத் தன்னோடு வைத்திருக்கும் மகளின் காதில் வாசலிலேயே இதை ஓதிக்கொண்டிருந்தபோது, சம்பந்தப்பட்ட பூனைக்காரம்மா கூடத்தில்தான் இருந்தார். அப்பாவின் கைவைத்த மர நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் கால்களுக்கு நடுவே தலையை விட்டிருந்தார்.

எந்தச் சாமானையும் கவிழ்த்துவிட்டுத்தான் தொடுவார். "மேல எல்லாரும் தொடைப்பாங்க. நாத்தம் மேலயே உக்காந்துட்டா இருக்கும்? மெருகு படாத அடிப்பலகையில போய்ப் படுத்துக்கும்." வெந்நீரில் பிழிந்த துணியால் அடியை ஒற்றிவிட்டுக் காத்திருப்பார். ஈரம் பட்டால் ஒளிந்திருக்கும் வாடை எழுந்துவிடும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கால் பொருத்தாக மூக்காலேயே நகர்வார். நடுநடுவே தன் முழங்கை மடிப்பை மோந்துகொள்வார். முந்தின வாடை போக மூக்கு வாய் கொப்பளிப்பது அப்படித்தானாம். வேலை முடியும்வரை காபி கிடையாது, பவுடர் கிடையாது. வெங்காயம் தின்றவர் அருகில் வந்தால், "கொஞ்சம் தள்ளி நின்னு பேசு, கண்ணு."

வந்த அன்றைக்கு மகளிடம் முதலில் கேட்டது, பிளீச்சிங் ஏதும் ஊற்றினாயா என்றுதான். மூத்திரத்தோடு அது சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும். இல்லை, வாசனை பினாயில்தான் என்றாள் மகள். "நல்லாருக்கு. குளிக்காத மாப்பிள்ளைக்கு சென்ட் அடிச்சு மேடையேத்தியிருக்கே."

அன்றே சோடா மாவைக் குழைத்துப் பூசிக் காயவிட்டுச் சுரண்டினார். கறுத்த இடத்தை, புண் கழுவும் நுரை மருந்தில் நனைத்த துணியால் போர்த்திவைத்தார். மறுநாள் கறை தேநீர் நிறத்துக்கு இறங்கியிருந்தது. இழை போன போக்கில் உப்புத்தாள் போட்டார். இன்றைக்குக் கடைசி முறையாக மோந்து பார்த்துத் திருப்திப்பட்டு, அடிப்பலகைக்கு அரக்கு பூசினார்.

மகளுக்கோ நாற்காலியைவிடப் பெரிய கவலை. நாற்காலி நனைந்த நாளிலிருந்து அப்பா கூடத்துக்கே வருவதில்லை. சாப்பாடும் அறைக்குள்தான். அப்பாவால் அடக்க முடியவில்லை என்றால் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் ஒற்றைக்காலில் நின்றான். ஏதோ பூனை என்று இவள் சொன்னதற்கு, நாலாவது மாடிக்கு லிஃப்டில் வந்ததா என்று கேட்டான். பூனையா மனுஷனா என்று அந்தப் பூனைக்காரம்மா மோந்தே சொல்லிவிடுவாராமே, அவர் சொல்வதுதான் முடிவு, இன்றைக்குக் கூப்பிடுவேன் என்றும் சொல்லியிருந்தான்.

கீழ்வீட்டு அம்மா இறங்கிப் போனதும் மகள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அண்ணன் கூப்பிடுவான். என்னக்கா சொல்றது? யாரு?"

பூனைக்காரம்மா குரலைத் தாழ்த்தவில்லை. ஒருக்களித்திருந்த அறைக்கதவைப் பார்த்துத்தான் சொன்னார். "பூனைதான்."

அவர் போகிற வீடுகளிலெல்லாம் பூனைதான். பள்ளிக்குப் போகும் பிள்ளையின் கட்டிலா, பூனை. குடித்துவிட்டு வந்து குளியலறை என்று துணி அலமாரியைத் திறந்தவர் வீட்டிலும் பூனைதான். "கொஞ்சம் தொப்பை போட்ட பூனை" என்றாராம். இத்தனை வீடுகளில் யார் கண்ணிலும் படாத பூனை வேறு யாருடையதாக இருக்கும் என்று ஊர் யோசித்ததில்தான் அந்த வதந்தி பிறந்தது. அடுத்த தெருவில் சில வீடுகள் இனி வர வேண்டாம் என்றே சொல்லிவிட்டன.

"பூனையே இல்லைன்னு சொல்லிடக் கூடாதாக்கா? உங்க பேர்தானே கெடுது."

"சொல்லலாம்." அரக்குத் துணியை மடித்தார். "அப்ப யாருன்னு அடுத்து கேப்பாங்களே?"

அரக்கு காய்ந்ததும் நாற்காலியை நிமிர்த்தி அதன் இடத்தில் போட்டார். "ஐயா, வந்து உக்காந்து பாருங்க. ஆடுச்சுன்னா இப்பவே சொல்லிடணும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

வெகுநேரம் கழித்து அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாற்காலியின் கையைத் தடவினார். உட்கார்ந்தார். மேசைமேல் போன் அடித்தது. அண்ணன். மகள் எடுக்கவில்லை, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். "அந்த ஜன்னலைச் சாத்தும்மா. பூனை மறுபடி வந்துடப் போகுது."

ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. அரக்கில் தூசி ஒட்டாமலிருக்கப் பூனைக்காரம்மாவே காலையில் சாத்தியது. அவர் எழுந்து போனார். தாழை நீக்கி, கதவுகளை அகலத் திறந்து, தலையை வெளியே நீட்டி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, அடித்துக்கொண்டிருந்த போனையும் மீறிக் கூடம் முழுக்கக் கேட்கும்படி, மறுபடி சாத்தித் தாழிட்டார்.