ஒரு ஜாண் கறை

பெண்பிள்ளை பில்லியர்ட்ஸ் ஆடுவதா என்று முகம் சுளித்தவர்கள்கூட, புனிதா மேசைமேல் குனிந்தால் கையிலிருக்கும் தேநீரை மறந்துவிட்டு நிற்பார்கள். அதெல்லாம் இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய கதை. இப்போது ஈப்போ புந்தோங்கில் அவளைப் பற்றி விசாரித்தால், கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பிரிவில் நிற்கிற அக்கா என்றுதான் சொல்வார்கள். நாற்பத்தெட்டு வயது. கணவர் லோரி ஓட்டுகிறார். முழங்கால் வலி உண்டு. வாய்க்கு மட்டும் ஒரு வலியும் கிடையாது.

பந்தைத் தள்ளி ஆடுகிற அவளுடைய கியூ அலமாரிக்கு மேலே, பழைய போர்வைக்குள் கிடந்தது. நடுவில் திருகிப் பூட்டுகிற இரண்டு துண்டுக் கம்பு. முதல் போனஸில், மூடப்போகிற ஒரு பில்லியர்ட்ஸ் சென்டரில் பேரம் பேசி வாங்கியது. தூக்கிப் போடவும் மனமில்லை, எடுத்துப் பார்க்கவும் மனமில்லை. வளைந்த கியூவை வைத்துக்கொண்டு கொடி கட்டித் துணியா காயப்போட முடியும் என்று கணவர் ஒருமுறை கேட்டார். அன்று அவருக்குச் சோறு கிடைத்தது, குழம்பு கிடைக்கவில்லை.

இந்த ஆண்டு தொழிற்சாலையின் மனமகிழ் மன்றத்துக்கு முப்பது வயது. விருந்தன்று பழைய பொருட்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகிறார்கள். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மகளிர் கோப்பையை வென்ற புனிதாவின் கியூவும் வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. அதைச் சொல்ல வந்தவள் குமுதா. மன்றத்தின் தலைவி, ஆள் எடுக்கும் பிரிவின் மேலாளர், எல்லாவற்றுக்கும் மேலாகப் புனிதாவின் உயிர்த்தோழி. பீடோருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரே லய வரிசையில், அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"இப்படியே வச்சா அசிங்கமா இருக்கும் டீ," என்றாள் குமுதா. "பழைய வார்னிஷ சொரண்டி எடுத்துட்டுப் புதுசா பாலிஷ் போட்டுரலாம். சித்தியவான்ல எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்காரு. என்கிட்ட கொடு, நான் கொண்டு போறேன்லா."

"உனக்கு எதுக்கு சுசா, வீண் அலைச்சல்? நானே பாத்துக்கிறேன்."

"சுசா ஒண்ணும் இல்லடி, கொடேன்."

மூன்று முறை கேட்டாள். என்னே அன்பு என்று புனிதா நினைத்துக்கொண்டாள். ஆனால் கியூவை அடுத்தவர் கையில் கொடுக்க அவளுக்குப் பிடிக்காது. பஸ் ஏறினால் பத்து நிமிடம், ராமையா அண்ணன் பட்டறை இருக்கிறது. மேசை நாற்காலிக்கு மெருகு போடுகிறவர். ஈப்போ பில்லியர்ட்ஸ் சென்டர்களின் கியூவெல்லாம் பழுதுபார்க்க அவரிடம்தான் வரும்.

சனிக்கிழமை காலையில் போனாள். ராமையா கம்பைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"சொரண்டினா புதுசு மாதிரி ஆயிரும் தங்கச்சி. ஆனா ஒண்ணு. உன் கைபட்டுத் தேஞ்ச இடம், இந்தப் பள்ளம், கீறல், எல்லாம் போயிரும். பழைய பொருளுக்கு அதான் அழகு. சில பேரு வேணாம்னுருவாங்க. யோசிச்சு சொல்லு."

புனிதாவுக்கு அங்கேதான் மனம் ஊசலாடியது. கைப்பிடியான கீழ்த்துண்டில் அவளுடைய கட்டைவிரல் பதிந்த இடம் வழவழவென்று இருந்தது. அது அவளுடைய இருபது வயது. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதா? ஆனால் மேல்துண்டில், பூட்டுகிற இடத்திலிருந்து ஒரு ஜாண் உயரத்துக்குக் கறுப்பாக ஒரு கறை இருந்தது. அதைப் பார்த்தாலே அவளுக்கு வயிறு எரியும்.

"இந்தக் கறையும் போயிருமாண்ணே?"

"போயிரும்."

"அப்ப சொரண்டிருங்க. என் வாழ்க்கையக் கெடுத்ததே இந்த எண்ணெய்க் கறைதான்."

ராமையா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "எண்ணெய்யா? எவன் சொன்னான்?"

எவன் சொன்னான் என்பதைச் சொல்வதற்கு முன்னால் எண்ணெயின் கதையைச் சொல்ல வேண்டும். புனிதாவின் அம்மா பால்மரம் வெட்டியவள். இரண்டு பக்கமும் பால் வாளி தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்புக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் தேங்காய் எண்ணெய் பூசுவாள். பூசினால் மரம் வெடிக்காது என்பது அவள் கணக்கு. மகள் ஒரு கம்பு வாங்கியிருக்கிறாள், அதை வைத்துக் கோப்பை வாங்குகிறாள் என்று தெரிந்ததும், ஆட்டம் என்னவென்றே தெரியாமல், தானே காய்ச்சிய எண்ணெயை ஒரு போத்தலில் ஊற்றிக் கொடுத்தனுப்பினாள். புனிதாவும் வெள்ளிக்கிழமைதோறும் பூசினாள். எந்த ஊரிலும் எந்த ஆட்டக்காரியும் செய்யாத காரியம். பார்த்தவர்கள் சிரித்தார்கள். கியூவுக்குத் தலை சீவிப் பூ வைக்கவில்லையா என்று கேட்டார்கள். கோப்பை வந்துகொண்டிருந்தவரை அவள் கவலைப்படவில்லை.

நான்காம் ஆண்டு, பினாங்கில் எல்லாக் கிளைகளுக்குமான இறுதிப் போட்டி. அதற்கு முந்தின வாரம் தோட்டத்தில் அம்மன் திருவிழா. புனிதா இரண்டு நாள் ஊருக்குப் போனாள். குமுதாவுக்கு ஓவர்டைம் என்று போகவில்லை. திரும்பி வந்து செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு எடுத்தால், மேசையில் உருட்டிய கியூ நொண்டிக்கொண்டு உருண்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. குமுதாதான் அந்தக் கறையைத் தொட்டுக் காட்டினாள். "பாரு, எண்ணெய் ஊறி மரம் வளஞ்சிருச்சு. நான்தான் அப்பவே சொன்னேன்ல." மன்றத்தில் ஒருத்தி, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று காதுபடவே சொன்னாள். புனிதா இரவல் கியூவைத் தொட மாட்டேன் என்று அழுதுகொண்டு படுத்துவிட்டாள். மாற்று ஆட்டக்காரி குமுதா பினாங்குக்குப் போனாள், ஜெயித்தாள், படத்தில் வந்தாள். அடுத்த மாதமே அவளுக்கு ஆபீசில் நாற்காலி கிடைத்தது. புனிதாவுக்குக் கிடைத்தது, அவள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த இடம்.

அந்தக் கோபத்தை அவள் யார்மேல் போடுவாள்? பெற்றவள்மேல் போட்டாள். தீபாவளிக்குப் போய், லயமே கேட்க, "உன் எண்ணெயும் நீயும்! தோட்டத்துப் புத்தி கடைசிவரைக்கும் போகாது!" என்று கத்திவிட்டு அடுத்த பஸ்சில் திரும்பினாள். அதன்பிறகு இரண்டு ஆண்டுகள் பேசவில்லை. அம்மா கருவாட்டுச் சம்பல் செய்து குமுதாவிடம் கொடுத்தனுப்புவாள். குமுதா கொண்டு வந்து வைப்பாள். "உங்கம்மா அழுவுறாங்க டீ. எம் மக வாழ்க்கைய நானே கெடுத்துட்டேனேன்னு சொல்றாங்க," என்பாள். புனிதா சம்பலைத் தின்றாள், பதில் அனுப்பவில்லை. மூன்றாம் ஆண்டு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வாய் இழுத்துக்கொண்டது. மகள் போய்ச் சேர்ந்தபோது கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர, வாயில் பேச்சு வரவில்லை. பத்தாம் நாள் போய்விட்டாள்.

இப்போது ராமையா மேல்துண்டையும் கைப்பிடியையும் அருகருகே நிறுத்திக் காட்டினார்.

"எண்ணெய் தடவினா மரம் பூரா ஒண்ணா பழுப்பாகும். இது பாரு, அடியில இருந்து ஏறி, கோடு போட்ட மாதிரி நிக்குது. கைப்பிடியிலயும் மங்கலா அதே உயரம். திருகாணியில துரு. இது தண்ணி தங்கச்சி. கழட்டி வாளியில நிறுத்தி வச்சிருக்காங்க. ஒரு நாள் பூரா ஊறியிருக்கணும். எண்ணெய்க்கு மரம் வளையாது. அது காப்பாத்தத்தான் செய்யும். வீட்டுல வெள்ளமா வந்துச்சு?"

"மாடி வீடுண்ணே," என்றாள் புனிதா.

அப்போது அவளும் குமுதாவும் சேர்ந்து தங்கிய மாடி, ஒரே அறை. இரண்டு சாவி. ஒன்று அவளிடம், திருவிழாவுக்கு மடியில் முடிந்துகொண்டு போயிருந்தாள். வேறு யாரையாவது சந்தேகப்பட முடியுமா என்று தேடிப் பார்த்தாள். தேடத் தேட ஒரே முகம்தான் வந்தது. கூட இருந்தே குழி பறித்தவளின் முகம். அதைவிட மோசமாக, அதற்குப் பின்னால் அம்மாவின் இழுத்துக்கொண்ட வாய் வந்தது. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்று எத்தனை பேருக்கு இவளே சொல்லியிருக்கிறாள்! பட்டறை முக்காலியில் உட்கார்ந்து, ராமையா இருக்கிறார் என்றுகூடப் பாராமல் வாய்விட்டு அழுதாள். அவர் விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

போகும்போது கைப்பிடியை அவரிடமே விட்டாள். "பாலிஷ் போடவா வேணாமான்னு நாளைக்குச் சொல்றேண்ணே." மேல்துண்டை மட்டும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, மீரா சாஹிப் தேநீர்க் கடைக்குக் குமுதாவை வரச் சொன்னாள். குமுதா சிரித்துக்கொண்டே வந்து, இரண்டு தே தாரிக் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

"என்னடி, கம்ப எப்ப தர்ற?"

"ராமையா அண்ணன்கிட்ட கொடுத்திருக்கேன்."

"அவருகிட்ட ஏன் கொடுத்த? நான்தான் சித்தியவான்ல ஆளு இருக்குன்னேனே!"

புனிதா துணியைப் பிரித்து மேல்துண்டை மேசைமேல் வைத்தாள். "இது எண்ணெய்க் கறைன்னு நீதான் சொன்ன. தண்ணிக் கறையாம்."

குமுதா தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். எந்தத் தண்ணீர் என்று அவள் கேட்கவில்லை. தெரியாதவளாக இருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பாள். அந்தக் கேள்வி வரும், வந்துவிடட்டும் என்று புனிதா எவ்வளவு ஆசையோடு காத்திருந்தாள்! வரவில்லை.

"சின்ன வயசு டீ," என்றாள் குமுதா கடைசியில். "எல்லாத்துலயும் நீதான் முன்னால நின்ன. ஒரே ஒரு தடவ நான் நிக்கணும்னு தோணுச்சு. நீ வேற கம்பு எடுத்து ஆடுவேன்னு நெனச்சேன். அப்படியே விட்டுருவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஆட்டம் போவட்டும். கோப்பை போவட்டும். ஆபீஸ் வேலையும் உனக்கே போவட்டும். எங்கம்மா என்னடி பண்ணாங்க உனக்கு?" புனிதாவின் கண்ணீர் மேசைமேல் சொட்டியது. "அவங்க சம்பல நீதானே கொண்டு வந்த. அவங்க அழுததையும் நீதானே வந்து சொன்ன. ரெண்டு வருஷம் டீ. ஒரு வார்த்தை, 'எண்ணெயால இல்ல'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஓடியிருப்பேன்."

குமுதா தலை குனிந்துகொண்டாள். மன்னிப்பு வரப்போகிறது என்று புனிதா நினைத்தாள். வந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. ஒருவேளை மேசைமேல் விழுந்து இருவருமாக அழுதிருப்பார்கள். குமுதா நிமிர்ந்து, அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தினாள்.

"ராமையா அண்ணனுக்குத் தெரியுமா? கமிட்டியில யாருகிட்டயும் சொல்லிடலயே?"

புனிதாவின் அழுகை நின்றுவிட்டது. போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேசைமேல் வைத்தாள்.

"அண்ணே, பாலிஷ் வேணாம். கைப்பிடிய அப்படியே வைங்க, வந்து எடுத்துக்கிறேன்."

"அப்ப விருந்துக்கு?" என்றது ராமையாவின் குரல்.

"இப்படியே கொண்டு போறேண்ணே." போனை அணைத்துவிட்டு, மேல்துண்டைத் துணியில் சுற்றினாள். "நீதானே தலைவி. கண்ணாடிப் பெட்டியில வைக்கப்போறது நீ, பக்கத்துல நின்னு விளக்கம் சொல்லப்போறது நீ. இது என்ன கறைன்னு யாராச்சும் கேட்டா, உனக்கு என்ன தோணுதோ சொல்லு. எண்ணெய்னு மட்டும் சொல்லாத."