வேட்டியில் ஒரு சொட்டு டிஞ்சர்

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஆனாலும் தொண்ணூறுகளில் தினமும் பள்ளிக்கூடம் போனேன், சத்துணவு சமைக்க. பத்தமடைப் பக்கம் வாய்க்கால் கரையில் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளி. சமையல் கொட்டகைக்கும் நாலாம் வகுப்புக்கும் நடுவே ஒரு சன்னல்தான். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு அந்தச் சன்னலோரம் நிற்பேன். யாராவது திரும்பிப் பார்த்தால் அகப்பையை எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் போய்விடுவேன். நாலு பேர் பார்க்கப் பேச வேண்டுமென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

நாலாம் வகுப்பு டீச்சர் பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். அறிவியலுக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். ஒரு பிள்ளை எழுந்து பாடத்தை உரக்க வாசிக்கும். வாசித்ததை அங்கேயே செய்து பார்ப்பார்கள். பிறகு கண்ணால் கண்டதை மட்டும் நோட்டில் எழுத வேண்டும். ஒருநாள் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தியை ஏற்றி, கண்ணாடித் தம்ளரால் மூடினார்கள். தீ அணைந்ததும் தண்ணீர் தானாகத் தம்ளருக்குள் ஏறியது. நான் சன்னல் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு உலை பொங்கி அடுப்பையே அணைத்துவிட்டது.

இன்னொரு நாள் டீச்சர் சன்னல் வழியாக ஒரு கரண்டி சோறு கேட்டார். ஆற வைத்துக் கொடுத்தேன். முதலுதவிப் பெட்டியில் இருந்த டிஞ்சரைப் பேனாவுக்கு மை போடும் பில்லரில் எடுத்தார். புண்ணுக்குப் போடுகிற அதே டிஞ்சர்தான். ஒரு சொட்டு சீனியில் விட்டார். சீனி பழுப்பாகவே இருந்தது. அடுத்த சொட்டு சோற்றில். மழைக்கு முன்னால் பொதிகை மலைப் பக்கம் கருமேகம் திரளுமே, அந்த நிறம் வந்துவிட்டது வெள்ளைச் சோற்றுக்கு. பிள்ளைகள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள், நானும்தான். ஏன் அப்படி என்று புத்தகத்தில் அடுத்த வரியில் இருந்தது. வாசிக்கிற பிள்ளை அந்த வரிக்கு வருவதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் சோற்றுச் சட்டியோடு போனதும் முதல் பிள்ளை தட்டைக் கையால் மூடினாள். அடுத்தவளும் மூடினாள். என்னவென்று கேட்டேன்.

"சீனி கறுக்கல ஆயா. ஒங்க சோறுதான் கறுத்துச்சு. அதுல என்னமோ கெடக்கு" என்றாள்.

டீச்சர் ஓடி வந்து சொல்லிப் பார்த்தார். நல்ல சோறுதான், மாவுச்சத்து இருந்தால் அப்படித்தான் ஆகும் என்றார். ஒரு பிள்ளை எழுந்து, "கண்ணால கண்டதத்தான எழுதச் சொன்னீங்க டீச்சர்? நாங்க அதைத்தான் கண்டோம்" என்றது.

பாதிப் பிள்ளைகள் காலையில் கடுங்காப்பி குடித்துவிட்டு வந்தவர்கள். இந்தச் சோறு இறங்கவில்லை என்றால் சாயங்காலம் வரை வயிறு காயும். சட்டியோ ஆறிக்கொண்டிருந்தது. இதற்குள் எதிர்ப் பலசரக்குக் கடைக்காரர் மகள் ஓடிப்போய் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அண்ணாச்சி காகிதம் போல் விறைத்த வேட்டி சரசரக்க வந்து நின்றார்.

"சோத்துல என்னத்தப் போட்ட? யூனியன் ஆபீஸ்ல கொண்டு காட்டிருவேன், பாத்துக்கோ."

வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த கண்ணுக்கு அவர் வேட்டிக் கரை தெரிந்தது. அந்த விறைப்பு என் சட்டியிலிருந்து போன கஞ்சியால் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் அவர் மனைவி தூக்குவாளியோடு வந்து வேட்டிக்குப் போட வடிகஞ்சி வாங்கிப் போவார். டீச்சர் காதில் அதைச் சொன்னேன். அவர் வகுப்புக்குப் போய்த் திரும்பினார். பிறகு டிஞ்சர் பாட்டிலையும் பில்லரையும் என் கையில் கொடுத்து, "நீங்களே விடுங்க" என்றார்.

"அண்ணாச்சி, வேட்டி ஓரத்துல ஒரு சொட்டு விட்டுக்கிடட்டுமா?"

என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. இன்றைக்குத்தான் எடுத்து உடுத்தினேன் என்று அவர் முறைத்தார். துவைத்தால் போய்விடும் என்று டீச்சர் சொன்னதும், விடு பார்ப்போம் என்பது போல் முனையை விரித்து நீட்டினார். பில்லரை அழுத்தினேன். சொட்டு விழுந்தது. பழுப்பாகப் பரவியது, பரவும்போதே கருநீலமாக மாறியது.

அவர் மகள் பைய வந்து தொட்டுப் பார்த்தாள். "எப்பா, ஒங்க வேட்டியும் கெட்டுப்போச்சா?"

"கெடல தாயி" என்றேன். "இதே சோத்துக் கஞ்சிதான். ஒங்கம்மா எங்கிட்ட வாங்கிட்டுப் போறாகள்லா, அது. மூணு வருசமா ஒங்கப்பா இடுப்புலதான் கெடக்கு. என்ன ஆச்சு அவுகளுக்கு?"

முதலில் சிரித்தது டீச்சர். பிறகு எல்லாப் பிள்ளைகளும். டீச்சர் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி, விட்ட இடத்திலிருந்து அதே பிள்ளையை வாசிக்க வைத்தார். அரிசி, உருளைக்கிழங்கு, மரவள்ளி எல்லாவற்றிலும் மாவுச்சத்து இருக்கிறது, டிஞ்சரில் உள்ள அயோடின் பட்டால் அது கருநீலமாகும் என்று அவள் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். டிஞ்சர் பட்டதை மட்டும் வாயில் வைக்கக் கூடாது என்று டீச்சர் சேர்த்துச் சொன்னார். அண்ணாச்சி சட்டியிலிருந்து ஒரு கை சோறு அள்ளி, எல்லோரும் பார்க்க மென்று விழுங்கினார்.

"உப்புதான் கொறச்சல்" என்றார்.

தட்டுகள் நீண்டன. அடிச்சோறு வரை வழித்துப் போட்டேன், போதவில்லை.

பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு கொட்டகையில் நான் மட்டும் இருந்தேன். டிஞ்சர் பாட்டிலின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மூலையில் வடிகஞ்சிப் பானை ஆறிக் கிடந்தது. டீச்சரிடம் கேட்கவுமில்லை. மிச்சத்தை அதில் ஊற்றிக் கையால் கலக்கினேன். பானை முழுக்க இருட்டியது. கல்யாணமான நாளிலிருந்து எத்தனை பானை கஞ்சி வடித்திருப்பேன். அத்தனையிலும் இந்த நீலம் சும்மா இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல். கையை எடுக்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் அண்ணாச்சி மனைவி தூக்குவாளியோடு வந்தார். கஞ்சி நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி, நீல விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.