மண்டோர் சீனியை விட்ட கதை

சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை காலை எங்கள் தோட்டத்து கேட்டில் பார்த்ததை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

மலாயாவில் தம்பின் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இப்போது இதுதானே நிலவரம்? தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. பால் மரம் வெட்டப் போகிறவர்களை நிறுத்தி, தலைத்துணி முதல் வாளி வரை சோதிக்கிறார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு ஒரு பிடி சோறுகூடப் போய்விடக் கூடாதாம்! ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியான எனக்கும், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் மாரிமுத்துவுக்கும் இதுவரை சலுகை இருந்தது. அன்று வந்த புதுப் போலீஸ்காரருக்கு அதெல்லாம் தெரியாது.

"சப்பாத்தைக் கழட்டு" என்றார்.

மாரிமுத்து கழற்றினார். உள்ளே ரத்தம்!

குதிகாலில் துருப்பிடித்த கம்பித் துண்டு ஒன்று புதைந்திருந்தது. பெருவிரல் கறுத்திருந்தது.

"வலிக்கலையா மண்டோரே?"

"ஒண்ணுமே தெரியலையே கிராணி" என்று அவர் சிரித்தார். ரத்தத்தைவிட அந்தச் சிரிப்புதான் என்னை உலுக்கியது.

கைத்தாங்கலாகத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். காலைப் பார்த்ததும் அங்கே மருந்து கொடுக்கும் டிரசருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒங்களுக்கு இனிப்பு நீர் வியாதின்னு அப்பவே சொன்னேன்ல?"

"அதான் சீனிய விட்டுட்டேனே சார்! வெறுங்கோப்பிதான் குடிக்கிறேன். கோயில் பொங்கலக்கூடத் தொடறதில்ல."

உண்மைதான். ரேஷன் சீனியை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிற மனிதர் அவர். அவர் மனைவி அஞ்சலை அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

"கள்ளு?" என்றார் டிரசர்.

"அது புளிப்பு சார்."

"சம்சு சாராயம்?"

"அது கசப்புலா. கசப்பு சீனிய அடிச்சிடும்."

"சுருட்டு?"

"அது காரம்..."

டிரசர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாக்கக் கேட்டா வைத்தியம் பாத்தீங்க? இந்த வியாதி நரம்ப மரக்க வைக்குது. சம்சுவும் கூடச் சேந்து அதே வேலையச் செய்யுது. சுருட்டு காலுக்குப் போற ரத்தத்தயும் சுருக்கிடுது. அப்புறம் எப்படி வலிக்கும், எப்படி ஆறும்? இன்னிக்கே செரம்பான் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. காலு தப்புமான்னு தெரியல."

தப்பவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை செரம்பானுக்குப் போய்ப் பார்த்தேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. "இனிமே பெரட்டுக்கு எப்படி வருவேன் கிராணி?" என்று மாரிமுத்து அழுதார். விடிவதற்கு முன்பே பெரட்டுக் களத்தில் நின்று, ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரலா இது?

யோசித்துப் பார்த்தால் அவர் ஒருவர்தானா? எங்கள் கள்ளுக்கடை வாசலில் எத்தனை பேர் இதே வைத்தியம் பார்க்கிறார்கள்! இனிப்பை விட்டாயிற்று, இனி எதையும் குடிக்கலாம் என்று... டாக்டர் கேட்டால் ஜம்பமாக, "சீனி தொடறதே இல்ல!" என்கிறார்கள்.

அப்போதுதான் கோவிந்தன் வந்தான். எங்கள் தோட்டத்தில் பால் வெட்டுபவன், மாரிமுத்துவின் குடிக் கூட்டாளி. கட்டிலருகே குனிந்து, இடுப்பிலிருந்து எதையோ எடுத்தான்.

சம்சு பாட்டில்!

எனக்குப் பகீரென்றது. ஒரு மணி அரிசி வெளியே போக முடியாத கேட்டைத் தாண்டி இது எப்படி வந்தது?

"பயப்படாதீங்க அண்ணே" என்றான் கோவிந்தன், அத்தனை பாசமாக. "நாக்குல வச்சுப் பாத்துட்டுத்தான் கொண்டாந்தேன். துளி இனிப்பு இல்ல."

இத்தனைக்கும் பிறகு... மாரிமுத்துவின் கை நீண்டது!

அதுவரை சுவரோரம் உட்கார்ந்திருந்த அஞ்சலை எழுந்து வந்து பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னும் ஒரு காலு இருக்கு" என்றாள்.

எங்கள் கேட்டில் சோதனை போட அஞ்சலையைத்தான் நிறுத்த வேண்டும்!