அவர் மேடையில் சொன்னது

என் கணவர் இறந்து ஒரு வருடம் ஆன பிறகும், அவர் மைக்கைப் பிடித்துப் பேசும் வீடியோ ஒன்று போனுக்குப் போன் போய்க்கொண்டிருந்தது.

அவர் மரக்காணத்திலிருந்து உப்பு ஏற்றிப்போகும் லாரி ஓட்டினார். ரத்தப் புற்றுநோய் என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்னபோது எங்கள் மகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்தாள். நாங்கள் பிறப்பால் கிறிஸ்தவர்கள். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் கோயிலுக்குப் போவோம், அவ்வளவுதான். பயம் வந்த பிறகுதான் எங்களுக்கு ஜெபம் வந்தது. யாரோ சொன்னார்கள் என்று ஒரு பெரிய ஜெபக் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினோம். பந்தல், லைட், பெரிய திரை, கையை உயர்த்தி அழுகிற கூட்டம். அங்கே உட்கார்ந்திருந்தால் எதுவும் நடக்கும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

ஒரு மாதம் அவருக்கு ஜுரம் நின்று, நன்றாகச் சாப்பிட்டார். அந்த வாரக் கூட்டத்தில், சுகம் பெற்றவர்கள் மேடைக்கு வரலாம் என்று பிரசங்கியார் கூப்பிட்டார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு நல்லாதான் இருக்குது. போய் சொல்லட்டுமா?"

"போங்க" என்றேன்.

நான் எடுத்துக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டை, கழுத்தில் தொளதொளவென்று நின்றது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இயேசப்பா என்னைச் சுகமாக்கிட்டாரு. இனிமே எனக்கு எந்த நோயும் இல்ல" என்றார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்த வீடியோவில் ஓர் ஓரமாக நானும் கைதட்டிக்கொண்டிருக்கிறேன்.

மழைக்காலம் வருவதற்குள் மறுபடி படுத்துவிட்டார். கடைசி நாட்களில் அவரை வலியைவிட இன்னொன்று வாட்டியது.

"நான் அன்னைக்கு மைக்குல சொன்னது பொய்யாப் போச்சு பாரு. அத்தனை பேர் முன்னாடி ஆண்டவர் பேரைக் கெடுத்துட்டேன்."

அந்த எண்ணத்தோடுதான் போனார். அடக்கத்துக்கு அந்தக் கூட்டத்தை நடத்தும் ஊழியத்திலிருந்து யாரும் வரவில்லை. போன் செய்தபோது ஒருவர் சொன்னார்: "எங்கயோ விசுவாசத்துல தளர்ந்திருப்பீங்க சிஸ்டர்."

அதற்குப் பிறகு நான் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கவில்லை. மகள் சாப்பிடும் முன் கண்ணை மூடி ஜெபிப்பாள். நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் தட்டில் சோறு ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உப்பைப் பாக்கெட் போடும் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு எதிரே நின்று பாக்கெட்டுக்கு சீல் வைக்கிறவள் என்னைவிட மூத்தவள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். பல வருடம் உப்பளத்தில் வாருபலகையால் உப்பை இழுத்துக் குவித்து முட்டி தேய்ந்துபோனதால் ஷெட்டுக்கு மாறியவள். உப்பளத்துப் பக்கத்திலேயே உள்ள ஒரு சின்னச் சபைக்குப் போகிறவள் என்று தெரியும். ஒரு நாளும் என்னை அங்கே வா என்று அவள் கூப்பிட்டதில்லை.

அந்த வீடியோ முதலில் என் சொந்தக்காரப் பெண் ஒருத்தியிடமிருந்து வந்தது. அதில் பேசுவது யார் என்று கவனிக்காமலே, "அற்புதத்தைப் பாருங்க" என்று எனக்கே அனுப்பிவிட்டாள். ஊழியத்துக்குப் போன் செய்து, உங்கள் சேனலிலிருந்து அதை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். "அதைப் பார்த்து எவ்வளவோ பேர் தேறுறாங்க சிஸ்டர்" என்றார்கள்.

சில வாரம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் அக்கா தன் போனை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"இது உன் வீட்டுக்காரர்தானே? எங்க சபை குரூப்புல வந்துது. ஓரத்துல நீயும் நிக்கிற."

நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"நான் ஒண்ணும் கேக்கலம்மா. உக்காந்து சாப்பிடு."

நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தன் டிபனிலிருந்த மீனை என் சோற்றில் வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவள் எழுந்து நின்றாளாம். "இந்த வீடியோவை யாரும் யாருக்கும் அனுப்பாதீங்க. இந்த மனுஷன் செத்துட்டாரு. அவர் பொண்டாட்டி என் எதிர்ல நின்னு வேலை செய்யுறா. அவ வயிறு எரியுது" என்றாளாம். மறுநாள் என்னிடம், "நாளைக்கு லீவு சொல்லிடு. எல்லாரும் பாண்டி போறோம்" என்றாள்.

எல்லாரும் என்றால், அந்தச் சபையின் பெண்கள் சிலரும் பாஸ்டரும். பாஸ்டர் ஒல்லியானவர், பேசுவதைவிடத் தொண்டையைச் செருமுவது அதிகம். ஊழிய அலுவலகத்தில் ஏசி ஓடியது. பிரசங்கியார் ஐயா ஊரில் இல்லை என்றார்கள். நாங்கள் உட்கார்ந்தோம். மதியம் பெண்கள் டிபனைத் திறந்ததும் அந்த அறை முழுக்கக் கருவாட்டுக் குழம்பு வாசம். கடைசியில் டை கட்டிய ஒருவர் வந்தார்.

"இப்படி வந்து உக்காந்து விசுவாசிகளுக்கு இடறல் பண்ணாதீங்கம்மா."

"செத்தவரைப் பொழைச்சிட்டாருன்னு காட்டுறது இடறல் இல்லையா தம்பி?" என்றாள் அக்கா.

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். "நாங்க சண்டை போட வரலைங்க. நீங்க எடுக்கிற வரைக்கும் இங்கயே இருக்கோம்."

சாயங்காலம் வீடியோவை எடுத்துவிட்டார்கள். போனில் தேடிக் காட்டி, இல்லை என்று எங்களுக்கு உறுதி சொன்ன பிறகுதான் எழுந்தோம். ஏற்கெனவே எத்தனை போன்களுக்குப் போயிருக்கும் என்று தெரியாது. ஆனால் எனக்காக யாரோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தது, அவர் போன பிறகு அதுதான் முதல் தடவை.

திரும்பும் பஸ்ஸில் பாஸ்டர் எனக்கு முன் சீட்டில் இருந்தார். என் கணவர் சாகும்போது சொன்னதை அவரிடம் சொல்லிவிட்டேன். கோட்டக்குப்பம் தாண்டியதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"அவர் பொய் சொல்லலம்மா. பொண்டாட்டி புள்ளையோட வாழணும்னு ஆசைப்பட்டதைச் சொல்லியிருக்காரு. ஆண்டவருக்கு அது ஜெபமாத்தான் கேட்டிருக்கும்."

"அப்போ ஏன் சுகமாக்கல?"

"தெரியலம்மா. நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். ஒரு போதகர் வாயிலிருந்து 'தெரியல' என்ற சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றால், கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது என்று தோன்றியது.

அடுத்த ஞாயிறு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சுவரில் உப்புப் பூத்து உதிரும் சுண்ணாம்பு. பல மாதம் என்னால் பாட முடியவில்லை. நோயாளிகளுக்காக ஜெபிக்கும்போது வாயை இறுக்கி மூடிக்கொள்வேன். யாரும் என்னைத் திருத்தவில்லை. சாட்சி நேரத்தில் அங்கே கிடைத்ததையும் சொல்வார்கள், கிடைக்காததையும் சொல்வார்கள். மகனுக்கு வேலை கிடைக்கவில்லை என்று ஒருத்தி சொல்லி அழுதால், பக்கத்தில் இருப்பவள் அவள் முதுகில் கை வைப்பாள். சிலுவையில் தொங்கியவரும் கைவிடப்பட்டதாகக் கதறினார் என்பது சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். எனக்கு அது அங்கே இருந்தபோதுதான் உறைத்தது. அப்படிக் கதறிய ஒருவரிடம் என் கணவரைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன். பேச ஆரம்பித்தேன்.

சென்ற வருடம் அக்காவுக்கு முட்டி ஆபரேஷன். அவளோடு ஆஸ்பத்திரியில் நான் இருந்தேன். ஆபரேஷனுக்குக் கூப்பிட வருவதற்கு முன், "எனக்காக ஜெபம் பண்ணு" என்றாள்.

"சுகம் கேட்கிற ஜெபம் எனக்கு இன்னும் வரமாட்டேங்குதுக்கா."

"வர்றதைச் சொல்லு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை உப்பில் காய்த்துக் கட்டையாக இருந்தது. "ஆண்டவரே, பயமா இருக்குது. நீங்க கூட இருங்க" என்றேன். அவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னபோது, கேட்க அங்கே ஒருவர் இருக்கிறார் என்று நான் முழுதாக நம்பினேன்.

அக்கா கண்ணைத் திறக்காமலே "ஆமென்" என்றாள். பிறகு, "மணி ஆவுது பாரு. ஸ்கூல்ல இருந்து பொண்ணை யாரு கூட்டிட்டு வருவா? பாஸ்டரம்மாவுக்கு ஒரு போன் போடு" என்றாள்.