டெக்சாஸில் நான் இரண்டு ஆளான கதை

போன வருடம், 2000 ஜூன் கடைசி வாரத்தில், டெக்சாஸில் ஒரு கல்லறைத் தோட்டம் பார்க்கப் போய்வந்தேன். என் சொந்தக்காரர் யாரும் அங்கே படுத்திருக்கவில்லை. படுத்திருப்பவர்கள் என் சம்பந்தியின் முன்னோர்கள். போய்வந்து ஒரு வருடம் ஆகியும் கோபம் ஆறவில்லை. ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். இனி ஆறாது என்று தெரிந்துவிட்டதால் எழுதுகிறேன். பிள்ளையை அமெரிக்கக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தவர்கள், கொடுக்கப்போகிறவர்கள் அவசியம் படியுங்கள்.

முதலில் என்னைப் பற்றி. கோபிச்செட்டிப்பாளையம் பக்கம். பத்தாம் வகுப்பு, அதுவும் இரண்டாவது முயற்சியில். அண்ணன் ஸ்பான்சர் செய்து கிரீன் கார்டில் வந்தவன். நியூ ஜெர்சியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். பிளெய்ன்ஸ்பரோவில் அபார்ட்மென்ட். பக்கத்து வீடுகளில் எல்லாரும் கம்ப்யூட்டர் என்ஜினியர்கள். "அங்கிள் எந்தக் கம்பெனி?" என்று கேட்டால், "தூக்கி வைக்கிற கம்பெனி" என்பேன்.

என் பெயர் பழனிசாமி. அப்பா பெயர் ராமசாமி. ஊரில் ரா. பழனிசாமி. இங்கே கடைசிப் பெயர் கேட்டார்கள், அப்பா பெயரைக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஆபீஸில் "மிஸ்டர் ராமசாமி" என்று கூப்பிட்டால் நான் திரும்புகிறேன். பட்டணம் கூடப் போகாத மனுஷன் என் அப்பா. அவரைத் தினமும் நியூ ஜெர்சியில் கூப்பிடுகிறார்கள். என் மகள் கயல்விழி அதே முறையில் கயல்விழி பழனிசாமி ஆனாள். இந்த மூன்று வரியை மறக்காதீர்கள், கதை முழுக்க இதில்தான் இருக்கிறது.

கயல் கட்டிக்கொண்டது மார்க் ஹார்ம்ஸ் என்கிற டெக்சாஸ் பையனை. தங்கமான பிள்ளை, ரசம் குடிப்பான். அவன் அப்பா ஹென்றிக்கு ரிட்டயர் ஆனதும் வேர் தேடும் பைத்தியம் பிடித்தது. அவர்கள் பூர்வீகம் கிழக்கு ஃப்ரீசியா. ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், ஹாலந்தை ஒட்டிய கடலோரம். அங்கிருந்து கப்பலேறி வந்த குடும்பங்களின் வாரிசுகள் சிலர் ஒன்றுசேர்ந்து குடும்ப வரலாறு தேடுகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். இந்த வருடம் புத்தகமே போடுகிறோம், நீங்களும் வாருங்கள் என்று ஹென்றி கூப்பிட்டார். அவர் மனைவி உயிரோடு இல்லை, கூட்டத்துக்குத் தனியாகப் போகிறார் என்று கயல் சொன்னாள். என் மனைவி சரோஜா டேகேரில் வேலை செய்கிறாள், லீவு கிடைக்கவில்லை. நான், கயல், மார்க், பத்து மாதப் பேத்தி நிலா, நாலு பேரும் கிளம்பினோம்.

நூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு நாலு மணி நேர விமானம். டிக்கெட் தலைக்கு 238 டாலர். குழந்தை மடியில் என்பதால் இலவசம், ஆனால் அழுகைக்குத் தனியாக வசூலிக்கலாம். வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரைக்கு இறங்கினோம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது.

ஹென்றி காரோடு நின்றார். அங்கிருந்து மேற்கே 105 மைல், இரண்டு மணி நேரம். ஃப்ரீவேயை விட்டு இறங்கிய பிறகு பெட்ரோல் பங்க் ஒன்றுதான், அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கார் ஓட்டிக்கொண்டே ஹென்றி என்னை வாயாரப் பாராட்டினார். அவருக்கு நான் "சாம்". இங்கிலீஷில் நடந்த பேச்சையெல்லாம் எனக்கு விளங்கிய தமிழில் தருகிறேன்.

"சாம், உங்களை மாதிரி மனிதர் அபூர்வம். கயலைச் சொந்த மகள் மாதிரியே வளர்த்திருக்கிறீர்கள்."

கல்யாணத்திலும் இதையேதான் சொன்னார். இவர்கள் பாராட்டும் விதமே இப்படிப் போலிருக்கிறது என்று நினைத்து, "நீங்களும் மார்க்கைச் சொந்த மகன் மாதிரியே வளர்த்திருக்கிறீர்கள்" என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார். அப்போதே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். இரண்டாவது முயற்சியில் பத்தாவது பாஸ் ஆனவனுக்கு எங்கே அடிக்கும்?

மோட்டலில் தங்கினோம். ஒரு இரவுக்கு 46 டாலர், காலை டிபன் சேர்த்து. டிபன் என்றால் ஒரு ரொட்டி வளையமும் ஒரு வாழைப்பழமும்.

சனிக்கிழமை காலை ஏழரைக்குக் கல்லறைத் தோட்டம். வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள், எட்டரைக்கு மேல் கல்லைத் தொட முடியாது. சின்னச் சர்ச், பின்னால் ஓக் மரங்கள், வேலிக்கு அந்தப் பக்கம் மாடுகள். ஒரு டஜன் பேர் பிரஷ், தண்ணீர்ப் பாட்டிலோடு பாசி துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி டோரிஸ், ஹென்றிக்குப் பெரியப்பா மகள், பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர். புத்தகம் தொகுத்தவரும் அவரே.

டோரிஸ் எங்களை இரண்டு கல்லுக்கு முன்னால் நிறுத்தினார். ஒன்றில் ஹார்ம் யான்சன். பக்கத்தில் யான் ஹார்ம்ஸ். இவர்கள் யார் சொல்லுங்கள் என்றார். மார்க் விழித்தான். நான், "அப்பனும் மகனும்" என்றேன்.

அதிலென்ன கஷ்டம்? யான் மகன் என்பதால் யான்சன். ஹார்ம் மகன் என்பதால் ஹார்ம்ஸ். ஒவ்வொரு தலைமுறைக்கும் அப்பன் பெயர்தான் பின்பெயர். பிறகு அரசாங்கம் உத்தரவு போட்டு, எல்லாருக்கும் ஒரே குடும்பப் பெயர் என்று நிறுத்திவிட்டதாம். "எங்கள் ஊரிலும் இப்படித்தான்" என்றேன். டோரிஸ் டீச்சர்கள் சிரிக்கும் சிரிப்பைச் சிரித்துவிட்டு மேலே போனார். முன்பு தேடிய ஒருவர், பெயர் ஒத்துப்போகவில்லை என்று இந்த யான் என்பவரை ஹார்முடைய வளர்ப்பு மகன் என்று எழுதி வைத்துவிட்டாராம். அது தப்பு என்று நிரூபிக்க இவருக்கு இரண்டு வருடம் பிடித்ததாம். "செத்தவர்களால் மறுத்துப் பேச முடியாது, அவர்களுக்காக நாம்தான் கவனமாக இருக்க வேண்டும்" என்றார். நான் உருகிப்போனேன். பிரஷ் வாங்கி இரண்டு கல்லையும் நானே தேய்த்துக் கழுவினேன்.

பத்து மணிக்குச் சர்ச் ஹாலில் டீ. கிழக்கு ஃப்ரீசியர்கள் நம்மைவிடப் பெரிய டீ பிரியர்கள். கோப்பையில் ஒரு கல்கண்டு, அதன்மேல் சூடான டீ ஊற்றினால் அது சடசடவென்று வெடிக்கும், மேலே ஒரு கரண்டி க்ரீம். கலக்கவே கூடாது. நான் வழக்கம்போலக் கலக்கினேன். நைவேத்தியத்தை எச்சில் பண்ணியவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

மூலையில் அட்டைப் பெட்டிகளில் புத்தகத்தின் அச்சான தாள்கள் இருந்தன. மொத்தம் 150 பிரதி, திங்கட்கிழமை பைண்டிங்குக்குப் போகிறது. கயல் ஆசையாக மார்க்கின் பக்கத்தை எடுத்தாள். நான் எட்டிப் பார்த்தேன். மனைவி, கயல்விழி பழனிசாமி. அவள் தந்தை, பழனிசாமி என்று மட்டும். முதல் பெயரும் விவரமும் தெரியவில்லை. வளர்த்தவர், ஸ்டெப் ஃபாதர், பி. ராமசாமி.

மூன்று தடவை படித்தேன். மாற்றாந்தாய் என்று கேட்டிருக்கிறேன். மாற்றாந்தகப்பன் என்று நம் ஊரில் யாரையும் சொல்லிக் கேட்டதில்லை. அந்தப் பட்டத்தை எனக்குக் கொடுத்திருந்தார்கள். என்னையே இரண்டு ஆளாகப் பிளந்து, பெற்றவனைக் காணாமல் போக்கி, என் அப்பா பெயரில் ஒருவனைக் கொண்டுவந்து என் வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள்.

மார்க் பாஸ்போர்ட்டில் இருந்தபடி பெயர்களை ஈமெயிலில் அனுப்பியிருக்கிறான். மகளின் கடைசிப் பெயரும் என் கடைசிப் பெயரும் வேறு வேறு என்று பார்த்த டோரிஸ், தானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். ஒரு போன் கிடையாது, ஒரு கேள்வி கிடையாது. ஹென்றியோ கல்யாணத்திலிருந்து மூன்று வருடமாக அப்படியே நினைத்திருக்கிறார். குடும்ப விஷயம், கேட்பது நாகரிகமல்ல என்று விட்டுவிட்டாராம். சொந்த மகள் மாதிரியே!

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் எனக்கு. ஹாலே திரும்பிப் பார்த்தது.

"அப்பா, சீன் பண்ணாதீங்க, இது சர்ச்" என்றாள் கயல்.

"சர்ச்னா என்ன? உன்னப் பெத்தவன் நான் இல்லேன்னு அச்சடிச்சு வெச்சிருக்காங்க, நான் கல்கண்டு சப்பிட்டு உக்காந்திருக்கணுமா?"

டோரிஸ் அமைதியாகத்தான் பதில் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சல். அச்சாகிவிட்டது, மாற்றுவது கஷ்டம் என்றார். எதற்கும் கயலின் பிறப்புச் சான்றிதழ் இருந்தால் அனுப்புங்கள், ஆதாரம் இல்லாமல் எதையும் போடுவது எங்கள் வழக்கமில்லை என்றார்.

ஆதாரம் இல்லாமல் போட்டது யார்? எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டினேன். "காலையில் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் என்ன சொன்னீர்கள்? செத்தவர்கள் மறுத்துப் பேச முடியாது என்றீர்கள். நான் சாகவில்லை, மேடம். உங்கள் எதிரில் நின்று டீ குடிக்கிறேன். இருநூறு வருடத்துக்கு முந்திய யானுக்கு இரண்டு வருடம் செலவழித்தீர்கள். எனக்கு இரண்டு நிமிடம் இல்லையா?"

டோரிஸ் வாய் திறப்பதற்குள் கயல் என் பக்கத்தில் வந்து நின்றாள். என் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினாள். "இந்த மூக்கைப் பாருங்கள், என் மூக்கைப் பாருங்கள். இதை வைத்துக்கொண்டு ஸ்கூல் முழுக்கக் கேலி வாங்கியிருக்கிறேன். என் சர்டிஃபிகேட் இதுதான்" என்றாள். நிலாவின் மூக்கும் அதேதான். மூன்று பேரும் வரிசையாக நின்றோம். பின்னால் யாரோ சிரித்தார்கள். டோரிஸ் சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, நான் காலையில் கல்லைப் படித்த மாதிரியே அந்த வரிகளை விரல் வைத்துப் படித்தார். கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே போனார். "யானுக்குச் செய்ததையே உங்களுக்கும் செய்திருக்கிறேன்" என்றார். சாரி வந்தது, கொஞ்சம் லேட்டாக.

மோட்டலுக்குப் போய் சரோஜாவுக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டாள்.

"ஏனுங்க, அப்ப எனக்கு மொதல்ல ஒரு புருஷன் இருந்தானாமா?"

"அப்படித்தான் அர்த்தம் வருது."

"பேரு என்ன போட்டிருக்காங்க?"

"பழனிசாமி."

"ரெண்டுல எவன் நல்லவன்னு அந்தம்மாகிட்டக் கேட்டுட்டு வாங்க. கெட்டவன்தான் என்கூட இருக்கறான்னு எனக்கே தெரியும்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரவில்லை என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிறு பகல், பிரார்த்தனை முடிந்ததும் ஹாலுக்கு வரச் சொன்னார்கள். கவரில் விலாசம் ஒட்டுகிற லேபிள்களில் டோரிஸ் திருத்தத்தை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். தந்தை பழனிசாமி, ராமசாமியின் மகன். தாய் சரோஜா. எழுத்துக் கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஒட்டுவதை நானே செய்கிறேன் என்று உட்கார்ந்தேன். வேறு யாரையும் நம்புவதாக இல்லை. ஹென்றி எதிரில் வந்து உட்கார்ந்து பெட்டியில் பாதியை இழுத்துக்கொண்டார். அவர் தாளை எடுத்துக் கொடுக்க, நான் ஒட்டி விரலால் தேய்த்தேன். டோரிஸ் டீ ஊற்றிக்கொண்டே இருந்தார். குடித்தேன், ஊற்றினார். மறுபடி குடித்தேன், மறுபடி ஊற்றினார். நேற்றுக் கத்தியதற்குப் பழிவாங்குகிறாரோ என்று சந்தேகம் வந்துவிட்டது. ஆறாவது கோப்பையில் ஹென்றி மெல்லக் குனிந்து, கரண்டியைக் கோப்பைக்குள் போடுங்கள், அதுதான் போதும் என்பதற்கு அடையாளம் என்றார். நம் பந்தியில் இலையை மடிப்பதுபோல. இதை நேற்றே சொல்லியிருக்கலாமே! கேட்பது நாகரிகமல்ல, சொல்வதும் நாகரிகமல்ல. இந்த நாகரிகத்தால்தான் எனக்கு மூன்று வருடம் மகள் இல்லை.

அதை அப்படியே அவரிடம் சொல்லியும்விட்டேன். ஹென்றி லேபிள் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். பிறகு, "உங்கள் மொழியில் நான் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார். சம்பந்தி என்றேன். இங்கிலீஷில் அதற்குச் சொல் இல்லையே என்றார். இல்லாததால்தான் உங்கள் புத்தகத்தில் எனக்கு இடம் இல்லை என்றேன். "சம்பண்டி" என்று சொல்லிப் பார்த்தார். இரண்டாம் முறையும் தப்பு. நான் திருத்தவில்லை, கோபமாக இருந்தேன்.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். ஜூனில் போகாதீர்கள், மார்ச்சில் போங்கள், வயலெல்லாம் நீலப் பூவாக இருக்குமாம். மோட்டலில் மைக்ரோவேவ் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், புளிச்சாதம் காப்பாற்றும். கல்லறைக்குத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும், சோப்புப் போடக் கூடாது. டீயைக் கலக்காதீர்கள், கரண்டியை மறக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, சம்பந்தி வீட்டில் பெயர் கேட்டால் பாஸ்போர்ட்டைக் காட்டாதீர்கள். உட்கார வைத்து, இது என் பெயர், இது என் அப்பா பெயர், இவள் பின்னால் இருப்பது என் பெயர் என்று வாயால் சொல்லுங்கள். யாராவது "சொந்த மகள் மாதிரியே" என்று பாராட்டினால் காரை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

புத்தகம் கிறிஸ்துமஸுக்கு வந்தது. நல்ல பைண்டிங். போன மாதம் ஹென்றி பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்திருந்தார். ஹாலில் அவர் மடியில் நிலா, நிலா மடியில் அந்தப் புத்தகம். அவளுக்கு இப்போது இருபத்திரண்டு மாதம், எதில் எது ஒட்டியிருந்தாலும் பிய்க்க வேண்டும். நகத்தால் சுரண்டிச் சுரண்டி லேபிளின் ஒரு மூலையைத் தூக்கிவிட்டாள். கீழே "ஸ்டெப்" என்பது பளிச்சென்று தெரிந்தது. எனக்கு அந்தச் சர்ச் ஹால் கோபம் முழுக்க மறுபடி ஏறியது. நான் எழுந்திருப்பதற்குள் ஹென்றி சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன உறையை எடுத்தார். உள்ளே மிச்சமிருந்த லேபிள்கள். ஒரு வருடமாகக் கூடவே வைத்திருக்கிறார். புதியதை எடுத்துப் பழையதன்மேல் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சரியா, சம்பண்டி?"

"சம்பந்தி" என்றேன். இந்தத் தடவை திருத்தினேன்.