ஏட்டி என்று கூப்பிடும் படங்கள்

அருமனை ரெஜிஷா எடுக்கும் கல்யாணப் படங்களுக்குள் ஏதோ எழுதிவைத்திருக்கிறாளாம். மார்த்தாண்டம் பஸ்ஸில் ஒருத்தி, நாத்தனார் சொன்னதாகச் சொன்னாள். "செய்வினையாக்கும். படத்துல கைவச்சவனுக்க கம்ப்யூட்டரே செத்துப்போச்சாம்."

பேச்சு ரெஜிஷாவின் காதுக்கும் வந்தது. அவள் மறுக்கவில்லை. "பயம் இருந்தா நல்லதுதானே" என்றபடி கணினித் திரையைத் துப்பட்டா நுனியால் துடைத்தாள். ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் படத்தில் தங்களைத் தேடித் திரையில் விரல் வைப்பார்கள். அவளுக்கு அது ஆகாது. "கண்ணால பாருங்க மக்கா. விரலுக்கு என்னத்துக்கு வேலை?"

எழுதியிருப்பது உண்மைதான். அவள் எடுத்த படமொன்றில் மணப்பெண்ணின் பூச்செண்டை நீக்கிக் கோழிக்காலைப் பிடிக்கவைத்து ஒரு பிரியாணிக்கடை பிளக்ஸ் அடித்ததிலிருந்து தொடங்கிய பழக்கம். படம் முழுக்க, நிறத்தின் கண்ணுக்குத் தட்டுப்படாத ஏற்ற இறக்கமாக, பெண்களை அதட்டிக் கூப்பிடும் ஒரே சொல்லை விதைத்துவிடுவாள்: ஏட்டி. அவளுடைய மென்பொருளில் திறந்தால்தான் தெரியும். வாட்ஸாப்பில் கைமாறினால் கொஞ்சம் மங்கும்; யாராவது படத்தை மாற்றினால், மாற்றிய இடத்தில் மட்டும் அறுந்துபோகும். ஏன் அந்தச் சொல் என்று கேட்டால், ரெஜிஷா திருப்பிக் கேட்பாள்:

"பின்னால நின்னு அப்படிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்காத பொம்பள உண்டா?"

இன்று எதிரே அபினா. தோழியின் கல்யாணத்தில் ரெஜிஷா எடுத்த படம். பக்கத்தில் நின்ற ஒருவனின் கை அபினாவின் தோளில் கிடப்பதுபோல் யாரோ ஒட்டி, அவளுக்கு நிச்சயித்திருக்கும் எபினுக்கு, தோஹாவுக்கு, அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் கல்யாணத்தை அறிவிக்கும் ஓலையை வாசிக்க வேண்டாம் என்று அவன் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு அவளிடம் பேசவில்லை.

ரெஜிஷா அந்த ஒட்டுப்படத்தைத் தன் மென்பொருளில் திறந்தாள். சுவரில், மாலையில், அபினாவின் நெற்றியில், எங்கும் ஏட்டி, ஏட்டி. தோளில் மட்டும் ஒரு கையளவுக்கு வெறுமை.

"பாத்தியா?"

"பாத்தேன். எபினுக்க அப்பா சபையில பிரசங்கம் பண்ணுத உபதேசியாராக்கும். அவருக்க முன்னால போய் ஏட்டின்னு காட்டவா?"

"பின்ன, தோத்திரம்னு எழுதியிருந்தா எபின் கள்ளப்படத்த நம்பாம இருந்திருப்பாரோ?"

அபினாவுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. ரெஜிஷா திரையில் தெரிந்ததை அப்படியே படமெடுத்து எபினுக்கு அனுப்பிவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு அவனை அழைத்தாள். மணி போனது.

அபினா எழுந்து வந்து, திரையில் தன் தோளில் இருந்த அந்த வெறுமையின்மேல் விரலை வைத்தாள். விரலை எடுக்கவில்லை. ரெஜிஷாவின் கை துப்பட்டா நுனிவரைக்கும் போய் அங்கேயே நின்றது. மணி போய்க்கொண்டிருந்தது.