ஒயர் மாறவில்லை

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒயர் என்று பேர். பயோமெடிக்கல் குரூப்பில் சேர்ந்த முதல் மாதமே, லேபில் எந்நேரமும் ஒயரும் கையுமாக நின்றதால் விழுந்த பேர் அது. இரண்டு வருஷம் ஒழுங்காகப் படித்தால் நேராக ஈசிஜி டெக்னீஷியன் பயிற்சிக்குப் போகலாம். தையல் மெஷினோடு மல்லாடும் அம்மாவுக்கு ஒரே மகள். வேறென்ன வேண்டும்?

ஒரு நாள் லேபில் ஒருத்திக்கு ஒருத்தி ஈசிஜி எடுக்க வேண்டும். வலது கைக்குச் சிவப்புக் கிளிப், இடது கைக்கு மஞ்சள். அவளுடைய ஜோடி குண்டூசி, உடம்பு ஒல்லி, வாய் மட்டும் ஊர் கொள்ளாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் மாட்டினாள். ஆனாலும் காகிதத்தில் முதல் வரி தலைகீழாக வந்தது. மேலே எழ வேண்டிய முனையெல்லாம் கீழே குத்தி நின்றன.

"ஒயரை மாத்திப் போட்டிருக்கீங்க," என்றார் லேப் டீச்சர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "ரெண்டு மார்க் கட்."

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் தலைகீழ். மூன்றாம் தடவை குண்டூசிக்குப் பொறுமை போய்விட்டது. "இருடி, வேணும்னே மாத்திப் போடுறேன்," என்று சிவப்பை இடக்கையிலும் மஞ்சளை வலக்கையிலும் மாட்டினாள். வரி அச்சடித்தது போல் வந்தது. முழு மார்க்!

அதற்கப்புறம் ஒயருக்கு யார் எடுத்தாலும் மாற்றித்தான் போட்டார்கள். வகுப்பு முழுக்க வருங்கால மருத்துவ மேதைகள், ஏன் என்று கேட்க ஒரு வாய் திறந்ததா? ஒயருக்கு மட்டும் அந்த முதல் காகிதத்தைக் கிழித்துப்போட மனம் வரவில்லை. ரெக்கார்டு நோட்டின் அட்டைக்குள் மடித்து வைத்தாள்.

அடுத்த வருஷம் ஸ்டெதஸ்கோப் வந்தது. குண்டூசி அவளுடைய இடது மார்பில் வைத்துக் கேட்டாள். நகர்த்தி வைத்தாள். முகம் வெளுத்தது.

"ஏய், உள்ள சத்தமே இல்லடி. செத்துட்டியா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஒயரும் சிரித்தாள். பிறகு தானே காதில் மாட்டிக் கேட்டாள். எங்கோ பக்கத்து அறையில் யாரோ கதவைத் தட்டுவது போல் மெல்ல வந்தது. அதே கருவியைக் குண்டூசியிடம் வைத்தால் தடதடவென்று காதே கிழிந்தது. டீச்சர், "காதுல சரியா மாட்டல," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குக் காலையிலிருந்து தொப்புளைச் சுற்றி இருந்த வலி அதற்குள் இடது அடிவயிற்றுக்கு இறங்கி, அவளை நிமிரவிடாமல் பிடித்தது.

மத்தியானமே அம்மா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் வலது பக்கம் அழுத்தினார். "இங்க வலிக்குதா?"

"இல்ல. இந்தப் பக்கம்."

"அப்பெண்டிக்ஸ் வலது பக்கம்தான்மா இருக்கும். இது வெறும் வாயு." மாத்திரை எழுதத் தொடங்கினார்.

எழுந்து உட்கார்ந்தபோது எதிரே கைகழுவும் தொட்டிக்கு மேலே கண்ணாடி. அதற்குள் சுவரிலிருந்த உடற்கூறுப் படம் தெரிந்தது. தோலுரித்த அந்த மனிதன் அவளையே பார்த்து நின்றான். அவனுடைய இதயம் வலது பக்கம் இருந்தது. கண்ணாடியில் எல்லாம் இடம் மாறும், அது அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் கை தானாக வலது மார்புக்குப் போனது. அங்கே தடதடவென்று அடித்தது. தலைகீழாக வந்த வரி, இடது பக்கம் கேட்காத சத்தம். பதினேழு வருஷமாக உள்ளே எல்லாம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் இந்த வலி?

"டாக்டர், எனக்கு எல்லாம் பக்கம் மாறி இருக்கு. அப்பெண்டிக்ஸும் இடது பக்கம்தான் இருக்கும். வீட்டுக்கு அனுப்பாதீங்க, வெடிச்சிடும்!" பையிலிருந்த நோட்டை உதறி அந்தக் காகிதத்தை நீட்டினாள்.

அவர் ஒரு பார்வை பார்த்தார். "ஒயரை மாத்திப் போட்டிருப்பீங்க."

"மாறல டாக்டர்!" கத்திவிட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மாவுக்கு ஒயரும் புரியவில்லை, வரியும் புரியவில்லை. மகள் அழுவது மட்டும் புரிந்தது. பக்கத்தில் வந்து, யோசிக்காமல், அவளுடைய வலது மார்பில் உள்ளங்கையை வைத்தாள்.

"இங்க எப்படி அடிக்குது பாருங்க டாக்டர். குழந்தையில காய்ச்சல் வந்தா இங்கதான் கை வச்சுப் பாப்பேன்."

டாக்டரின் பேனா நின்றது. அம்மாவின் கையை நகர்த்தி ஸ்டெதஸ்கோப்பை அங்கே வைத்தார். பிறகு இடது பக்கம். மறுபடி வலது. மாத்திரைச் சீட்டைக் கசக்கிவிட்டு, "ஸ்கேனுக்குச் சொல்லுங்க, ஆபரேஷன் தியேட்டரை ரெடி பண்ணச் சொல்லுங்க," என்று நர்ஸிடம் கத்தினார்.

ஸ்ட்ரெச்சரோடு அம்மா ஓடி வந்தாள். கை மறுபடி மகளின் வலது மார்பில்தான் இருந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"என்னத்தடி தெரியும்? நான் பெத்தது நீ ஒருத்திதான். எல்லாருக்கும் இங்கதான் அடிக்கும்னு நினைச்சேன்." அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "என்கிட்ட யாரும் கேக்கலையேடி."